பவளத்தின் தோலும் பிளாஸ்டிக்கும்

இராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்குத் தெற்கே உள்ள காரங்காடு அலையாத்திக் காட்டால் பெயர்பெற்ற கடற்கரைச் சிற்றூர். அக்காட்டைத் தொடும் பாக் விரிகுடாவின் தென்கரையில், மண்டபம், பாம்பன், இராமேசுவரம் ஓரமாகப் பவளப்பாறைகள் உள்ளன. பவளம் கல்போலத் தோன்றினும் உயிருடையது. சுண்ணாம்புக் கூட்டின்மேல் படர்ந்த மெல்லிய தசைப்படலமே அதன் தோல்.

அத்தோலில் உண்டாகும் சிறு காயத்தைப் பவளம் தானே ஆற்றிக்கொள்ளும். ஆனால் பிளாஸ்டிக் பையோ, அறுந்த நைலான் வலையோ அதன்மேல் சிக்கினால், அலைதோறும் உராய்ந்து புண்ணை ஆறவிடாது. ஒளியையும் உயிர்வளியையும் தடுக்கும். நோய்க்கிருமிகள் புக வழிசெய்யும். ஆசிய-பசிபிக் பகுதியின் 159 பவளத்திட்டுகளைப் பற்றி 2018-இல் வெளியான ஆய்வு, பிளாஸ்டிக் படாத பவளங்கள் நோயுறும் வாய்ப்பு 4 விழுக்காடு என்றும், பட்டவை நோயுறும் வாய்ப்பு 89 விழுக்காடு என்றும் கண்டது.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகள் தமிழகத்தில் 2019 சனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. ஆயினும் கரையில் நாம் எறிவதைக் கடல் கொண்டுசெல்கிறது. ஆதலின் காரங்காட்டுக்கும் இராமேசுவரத்துக்கும் செல்லும் அன்பர்கள் துணிப்பையுடன் செல்வார்களாக; கொண்டுசென்ற பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொணர்வார்களாக. வாய்விட்டு அலறாத உயிரையும் புண்படுத்தாதிருத்தல் கொல்லாமையைச் சார்ந்த கடமையாகும்.