எந்தப் பத்திரிகை துட்டு கொடுக்கும், எக்கா?

போன வாரம் ராத்திரி பத்து மணிக்குச் சீவலப்பேரியிலிருந்து தங்கச்சி போன் பண்ணினாள். "எக்கா, ஒன்பது கதை எழுதி வச்சிருக்கேன். எந்தப் பத்திரிகைக்கு அனுப்பினா துட்டு வரும்னு மட்டும் சொல்லு. இலக்கியம் பத்தி நான் கேக்கல" என்றாள். நான் சொல்ல ஆரம்பித்ததும் சிக்னல் போய்விட்டது. அதனால் எழுதி அனுப்புகிறேன். கேட்கக் கூச்சப்பட்டு, நோட்டைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிற மற்ற தங்கச்சிகளுக்கும் ஆகும்.

ஏட்டி, முதலில் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்: சன்மானம். கூலி என்றோ விலை என்றோ எந்தப் பத்திரிகையும் சொல்லாது. சன்மானம் என்றால் அவர்களாகப் பார்த்துக் கொடுப்பது. அமெரிக்காவில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் 2019-இல் வார்த்தைக்கு 8 சென்ட் என்று ஒரு கோடு கிழித்தது. அதற்குக் கீழே கொடுத்த பத்திரிகையைத் தொழில்முறைப் பத்திரிகையாக அப்போது அது சேர்க்கவில்லை. நமக்கு அப்படிக் கோடெல்லாம் கிடையாது, கதைக்கு மொத்தமாக ஒரு தொகைதான். என் முதல் ஒரு பக்கக் கதைக்கு 150 ரூபாய் மணியார்டர் வந்தது. தபால்காரர் அண்ணாச்சிக்குப் பத்து ரூபாய் கொடுத்தது போக மிச்சத்தில் அம்மா தேங்காயெண்ணெய் வாங்கினாள். கதை எழுதிக் குடும்பம் நடத்தலாம் என்று யாராவது சொன்னால், அவர் சினிமாவுக்கும் எழுதுகிறாரா என்று கேட்டுக்கொள்.

இருந்தாலும் துட்டு வருகிற வழி இருக்கிறது. பெரும்பாலும் வார இதழ்களும் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரோடு வருகிற இணைப்புகளும்தான். ஆனந்த விகடன், குமுதம், குங்குமம், தினமணி கதிர், வாரமலர். தினமலர் 1951-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கி, 1957-இல் திருநெல்வேலிக்கு வந்த பேப்பர். அதனால் வாரமலர் நமக்கு அசலூர் இல்லை. மாத இதழ்களில் 1932-இல் தொடங்கிய கலைமகளும் 1948-இல் தொடங்கிய அமுதசுரபியும் கதைக்குப் பேர்போனவை.

ஆனால் என்னுடைய பழைய டைரியைப் பார்த்து எதையும் அனுப்பிவிடாதே. அந்த டைரியில் பாதிப் பேர் இன்று அச்சில் இல்லை. 1941 முதல் வந்துகொண்டிருந்த கல்கி 2020-இல், கொரோனா நேரத்தில், காகிதத்தை விட்டுவிட்டது. மங்கையர் மலரும் அதே வழியில் போனது. விகடன் தடம் 2016-இல் வந்து 2019-இல் நின்றது. அனுப்புவதற்கு முன்னால் அந்த மாத இதழ் ஒன்றைக் கையில் வாங்கிப் பார். உள்ளே ஆசிரியர் பெயர் போட்டிருக்கிற பக்கத்தில் முகவரியும் மின்னஞ்சலும் இருக்கும். அதுதான் சரியானது. வாட்ஸ்அப்பில் சுற்றுகிற "கதை அனுப்ப வேண்டிய முகவரிகள்" பட்டியல் எந்தக் காலத்தில் யார் தட்டியதோ, அதை நம்பாதே.

எந்தக் கதை எங்கே போகும் என்பதைத்தான் நீ கேட்டிருக்க வேண்டும். பஸ் ஏறிப் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குப் போ. ஒரே பத்திரிகையின் எட்டு இதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு கதைகளை மட்டும் படி. படிப்பதோடு நிற்காமல் எண்ணு. ஒரு வரிக்கு எத்தனை வார்த்தை, ஒரு பத்திக்கு எத்தனை வரி, படத்துக்குப் போக மிச்சம் எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்தால் அவர்களுக்கு வேண்டிய நீளம் தெரிந்துவிடும். உன் கதை அதைவிட இருமடங்கு இருந்தால், அது எவ்வளவு நல்ல கதையானாலும் உதவி ஆசிரியர் வெட்ட உட்கார மாட்டார். அதற்கு அடுத்த கவரைப் பிரிப்பது அவருக்குச் சுளுவு.

எட்டுக் கதையில் சாவு எத்தனை, கல்யாணம் எத்தனை, மாமியார் எத்தனை என்றும் குறித்துக்கொள். சிரிக்காதே. ஒரு பத்திரிகையில் எட்டில் ஆறு கதை நல்லவிதமாக முடிந்திருந்தால், உன்னுடைய சுடுகாட்டுக் கதையை அங்கே அனுப்பி ஏன் தபால் செலவு செய்கிறாய்? சுடலைமாடன் கோயில் கொடையை வைத்து நீ எழுதியது அருமை. ஆனால் அதை ஒரு பக்கத்துக்குள் அடைக்க முடியாது. ரேஷன் கடைக் கதையை அடைக்கலாம். முதலில் அதை அனுப்பு.

ஒரு பக்கக் கதையை மட்டமாக நினைக்கிறவர்கள் உண்டு. நானும் நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், புதுப் பேருக்குச் சீக்கிரம் திறக்கிற கதவு அதுதான். இதழில் கடைசி நேரத்தில் ஒரு பக்கம் காலியாகிவிட்டால் அவர்கள் கை அங்கேதான் போகும்.

தீபாவளி மலருக்கு ஐப்பசியில் அனுப்பிவிட்டு, "போடவேயில்லை" என்று மூக்கைச் சிந்தாதே. மலர் வேலை மாசக்கணக்கில் முன்னாலேயே ஓடும். ஆடிப்பட்டம் விதைக்கு மட்டுமில்லை, மலர்க் கதைக்கும்தான்.

இனிப் போட்டிகள். சத்தியமாகச் சொன்னால், கொஞ்சம் கனமான துட்டு இங்கேதான் இருக்கிறது. டி.வி.ஆர். நினைவு சிறுகதைப் போட்டி, அமரர் கல்கி நினைவுச் சிறுகதைப் போட்டி, தினமணி – சிவசங்கரி சிறுகதைப் போட்டி என்று பேர் தெரிந்தவை பல. அறிவிப்பு வரும் நாளைக் குறித்துவைத்து விதிமுறையை இரண்டு முறை வாசி. "இதுவரை எங்கும் வெளியாகாத" என்று எல்லாவற்றிலும் இருக்கும். எங்கும் என்றால் ஃபேஸ்புக்கும் எங்கும்தான். நீ போன மாசம் ஆசை தாங்காமல் போட்டாயே, மூன்று பேர் இதயம் விட்டார்களே, அந்தக் கதையைப் போட்டிக்கு அனுப்ப வழியில்லை. கதையைப் பெட்டியில் வைத்திருக்கப் பழகு. இன்னொன்று, பல போட்டிகளில் கதைப் பிரதியில் பேரே இருக்கக் கூடாது, தனித்தாளில்தான் எழுத வேண்டும். நான் ஒரு தடவை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அழகாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். கதையை யாரும் படித்திருக்கவே மாட்டார்கள்.

நுழைவுக் கட்டணம் கேட்கிற போட்டி என்றால் ஒதுங்கு. "கதையும் ஐந்நூறு ரூபாயும் அனுப்புங்கள், நூறு எழுத்தாளர்கள் தொகுப்பில் போடுகிறோம், சான்றிதழும் கேடயமும் உண்டு" என்று ஒரு கூட்டம் அலைகிறது. அங்கே துட்டு கொடுப்பது நீ. கேடயத்தைத் துடைக்கிற வேலையும் உனக்குத்தான்.

சிறுபத்திரிகைகளைப் பற்றிக் கேட்பாய். பெரும்பாலானவற்றில் சன்மானம் கிடையாது. சிலர் இதழை மட்டும் அனுப்புவார்கள், சிலர் நம்மிடமே சந்தா கேட்பார்கள். நம்ம திருநெல்வேலிக்காரர் புதுமைப்பித்தன் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில், சித்த வைத்தியப் பத்திரிகை நடத்துகிற பிள்ளை கடவுளிடமே ஆயுள் சந்தா வாங்கப் பார்ப்பார். பத்திரிகைத் தொழில் தெரிந்த மனுஷன் எழுதிய கதை அது. ஆனாலும் வருஷத்துக்கு இரண்டு கதை அங்கே கொடு. அங்கே படிக்கிறவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் தொகுப்புப் போடுகிறவர்களும் மொழிபெயர்க்கிறவர்களும் பரிசுக்குப் பரிந்துரைக்கிறவர்களும் அவர்களுக்குள்தான் இருக்கிறார்கள். 1970-இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு, பத்திரிகைகளில் வந்த கதைகளிலிருந்தே மாதம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுத்தது. விண்ணப்பம் போட வேண்டியதில்லை, அச்சில் வந்திருந்தால் போதும். திருநெல்வேலி டவுனில் சுடலைமாடன் கோயில் தெருவில் இருந்த விமர்சகர் தி.க.சி., கதையைப் படித்துவிட்டு முகம் தெரியாத புதுப் பிள்ளைகளுக்கெல்லாம் கார்டு போடுவார். 2014-இல் அவர் காலமாகும்போது அவருடைய கார்டைப் பீரோவில் வைத்திருந்தவர்கள் தமிழ்நாடு முழுக்க இருந்தார்கள். சன்மானமாக வந்த துட்டை யாரும் அப்படி வைத்திருக்கவில்லை.

அனுப்புகிற முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யூனிகோடில் தட்டு. பழைய எழுத்துருவில் அனுப்பினால் அங்கே கட்டம் கட்டமாகத் தெரியும். மின்னஞ்சலில் நான்கு வரி போதும்: கதைப் பேர், வார்த்தை எண்ணிக்கை, சொந்தக் கற்பனை என்றும் வேறெங்கும் அனுப்பவில்லை என்றும் உறுதி, முகவரியும் போன் நம்பரும். கதையின் சுருக்கம் வேண்டாம். "எங்க அக்காவும் எழுதுவா" என்பது கண்டிப்பாக வேண்டாம்.

புனைபெயர் ஆசை உனக்கு இருக்கிறது. வைத்துக்கொள். ஆனால் பாஸ்புக்கில் இருக்கிற பேரைத் தனியாக எழுதி, "சன்மானம் இந்தப் பேரில்" என்று குறிப்பிடு. எனக்கு ஒரு தடவை செக் புனைபெயரில் வந்தது. வங்கிக் கவுன்டரில் இருந்த அம்மா என்னையும் செக்கையும் மாறி மாறிப் பார்த்து, "இவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றார். அந்தச் செக் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

ஒரு கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதே. இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு கதவும் சாத்திவிடும். மூன்று மாசம் பொறு. பதில் இல்லையென்றால், "கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்று மரியாதையாக ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இடத்துக்கு அனுப்பு. கதை வந்த பிறகும் துட்டு வராமல் இருப்பது உண்டு. பேர் சொல்லாத ஒரு பத்திரிகையில் எனக்கு இரண்டு கதை அப்படிப் போனது. வெளியான இதழின் தேதி, பக்க எண், வங்கி விவரம் மூன்றையும் போட்டு மாசம் ஒரு கடிதம் எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்கு ஒரு கதைக்கு மட்டும் வந்தது. சண்டை போட்டிருந்தால் அதுவும் வந்திருக்காது என்று நினைக்கிறேன், தெரியாது.

இப்போது நீ கேட்காத விஷயம். நம்ம ஊர்ப் பேர் எப்படி ஊரெல்லாம் பரவியது? முக்கூடற்பள்ளு படித்த வாத்தியார்களுக்குச் சிற்றாறு தாமிரபரணியில் சேர்கிற இடமாகத் தெரியும். மற்றவர்களுக்கு 'சீவலப்பேரி பாண்டி'தான். ஜூனியர் விகடனில் சௌபா எழுதிய தொடர் அது. 1994-இல் பிரதாப் போத்தன் இயக்கத்தில் நெப்போலியன் நடித்துப் படமாக வந்தது. பத்திரிகையில் அச்சானதோடு ஒரு எழுத்தின் ஆயுசு முடிவதில்லை. புத்தகம், வானொலி, மொழிபெயர்ப்பு, சினிமா என்று அது போகிற இடமெல்லாம் உனக்குப் பங்கு வர வேண்டுமானால் உரிமை உன் கையில் இருக்க வேண்டும்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியிலிருந்து எழுதி அனுப்புகிற கதைக்கு முதல் உரிமையாளர் நீதான். உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில் கையெழுத்து வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று அதில் சொல்லாமல் விட்டால் ஐந்து வருஷம்தான் கணக்கு. ஆகவே "அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக" என்று ஒரு தாள் நீட்டினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்குப் படம் பிடித்து அனுப்பு. போட்டி விதிமுறைகளின் கடைசி வரியிலும் இது ஒளிந்திருக்கும். ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு கதையை ஆயுசுக்கும் எழுதிக் கொடுக்காதே. நம்ம அப்பா வயலை அப்படிக் கொடுப்பாரா?

கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கு. கதைப் பேர், அனுப்பிய இடம், தேதி, பதில், சன்மானம் என்று ஐந்து பத்தி போடு. ஒன்பது கதையையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு பத்திரிகை பேர் குறித்து வை. சித்திரைக்கு நான் வரும்போது பார்ப்பேன். ஃபேஸ்புக்கில் போட்ட அந்தக் கதையை அதில் சேர்க்காதே. அதைப் புத்தகம் போடும்போது பார்த்துக்கொள்ளலாம்.