தொண்டை கட்டியும் பாடலாமா?

ஆண்டு விழாவுக்காக நாலு நாள் உச்சக் குரலில் கத்திக் கத்திப் பாடினேன். ஐந்தாம் நாள் காத்துதான் வந்தது, பாட்டு வரல! ஏன் தெரியுமா?

நம் குரல்வளையில் இரண்டு குரல் நாண்கள் உள்ளன. பேசும்போது ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 120 முறை, பெண்களுக்குச் சுமார் 200 முறை இவை மோதி அதிரும். உச்சத்தில் பாடினால் இன்னும் அதிகம். விடாமல் கைதட்டினால் உள்ளங்கை சிவக்கிறதல்லவா? அதுபோல நாண்கள் வீங்கும்; குரல் கம்மும். அப்பவும் பாடினால் காய்ப்பு போல முடிச்சு விழலாம். நம்ம காரிமங்கலம் சந்தையில் கூவி விற்பவர்கள், கூத்துக் கட்டுபவர்கள், ஏன், நம் ஆசிரியர்களுக்கும் இது வரலாம்.

பையன்களுக்கு இன்னொன்றும் உண்டு: மகரக்கட்டு. 13, 14 வயதில் நாண்கள் நீண்டு தடிக்கும், குரல் உடையும். 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கியது போன்ற சிறுவர் நாடக சபைகளில் பாடிய பையன்களுக்கு அந்தக் காலத்தில் இதுதான் பெரிய பயமாக இருந்தது. அந்த வயதில் பழைய சுருதியைப் பிடிக்க முக்கக் கூடாது.

செய்ய வேண்டியவை:
1. தண்ணீர் நிறையக் குடிக்கணும்.
2. இரண்டு மூன்று நாள் குரலுக்கு ஓய்வு. குசுகுசுன்னும் பேசாதீங்க, அதுவும் சிரமமே.
3. அடிக்கடி செருமக் கூடாது.
4. 3 வாரத்துக்கு மேல் கம்மினால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டணும்.

விழாவில் கட்டையைக் குறைத்துதான் பாடப் போறேன். போன குரலைக் கடையில வாங்க முடியாதே!

— 9-ஆம் வகுப்பு மாணவன்