எனக்கென ஒரு பணிக்கூற்று

பாடசாலை அலுவலகங்களின் சுவரில் பெரும்பாலும் இரண்டு வாசகங்கள் சட்டகமிட்டுத் தொங்கும். ஒன்று தூரநோக்கு, மற்றையது பணிக்கூற்று. நாம் சென்றடைய விரும்பும் இடத்தைத் தூரநோக்கு சொல்கிறது. அதற்காக அன்றாடம் எப்படி நடப்போம் என்பதைப் பணிக்கூற்று சொல்கிறது. ஒரு பாடசாலைக்கு இது தேவையென்றால் ஒரு மாணவிக்குத் தேவையில்லையா?

இது நமக்குப் புதிய விடயமும் அல்ல. தொழுகைக்கும் நோன்புக்கும் நிய்யத் வைக்கிறோம். எதற்காக, யாருக்காக என்று உள்ளத்தில் உறுதிசெய்த பின்னரே தொடங்குகிறோம். வாழ்க்கைக்கு வைக்கும் நிய்யத்தை எழுத்தில் வடித்தால் அதுவே நமது பணிக்கூற்று.

நான் விட்ட தவறு

பத்தாம் ஆண்டில் என் கொப்பியின் முதற்பக்கத்தில், "வைத்தியராகிச் சமூகத்துக்குச் சேவை செய்வேன்" என்று எழுதினேன். சாதாரண தரப் பெறுபேறு வந்தபோது, விஞ்ஞானப் பாடத்தில் கிடைத்த சித்தி உயிரியல் பிரிவுக்குப் போதவில்லை. அன்றிரவே அந்தப் பக்கத்தைக் கிழித்தெறிந்தேன். உம்மாவும் வாப்பாவும் ஒரு வார்த்தையும் ஏசவில்லை. அந்த மௌனம்தான் அதிகம் வலித்தது.

பல நாட்களின் பின்னரே உண்மை விளங்கியது. நான் எழுதியிருந்தது பணிக்கூற்று அல்ல, ஒரு தொழிலின் பெயர். தொழில் புள்ளிகளைப் பொறுத்தது. விழுமியம் அப்படியல்ல.

கண்டி தந்த முன்மாதிரி

இதை எனக்கு உணர்த்தியது அறிஞர் சித்தி லெப்பையின் வரலாறு. 1838இல் கண்டியில் பிறந்த அவர் தொழிலால் ஒரு சட்டத்தரணி. அத்தொழிலோடு அவர் நின்றுவிடவில்லை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்தார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலை வெளியிட்டார். முஸ்லிம் பிள்ளைகளுக்காகப் பாடசாலைகளை நிறுவ உழைத்தார். பெண்பிள்ளைகளின் படிப்பைப் பலர் பொருட்படுத்தாத அக்காலத்திலேயே கண்டியில் அவர்களுக்கென ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அதில் அவருக்குத் தோள்கொடுத்தவர் அவரது சகோதரி முத்து நாச்சியா.

சட்டத்தரணி, பத்திரிகை ஆசிரியர், நாவலாசிரியர், கல்விமான் என அவர் செய்த பணிகள் பல. ஆனால் அவற்றின் அடியில் ஓடியது 'என் சமூகம் கற்க வேண்டும்' என்ற ஒரே நோக்கம். 1898இல் அவர் மறைந்தார். இன்று நாம் ஒரு மகளிர் கல்லூரியில் அமர்ந்து இச்சஞ்சிகையை வாசிப்பதற்கு அவரைப் போன்றோரின் நிய்யத்தும் ஒரு காரணமே.

எழுதுவது எப்படி?

முதலாவது, விழுமியத்தை உங்கள் நினைவுகளில் தேடுங்கள். 2018 மார்ச்சில் எங்கள் தெல்தெனிய, திகனப் பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது நான் ஆரம்பப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சி எங்களைத் தன் வீட்டுக்குள் அழைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டார். வெளியே சத்தம் கேட்கக் கேட்க, அவர் எங்களுக்குத் தேநீர் ஊற்றினார். அவரது கை நடுங்கியதைக் கண்டேன். பயந்துகொண்டே நல்லதைச் செய்யலாம் என்று நான் கற்றது அன்றுதான். உங்கள் வாழ்விலும் இப்படி ஒரு நாள் இருக்கும். அது உங்களுக்கு எதைக் கற்றுத்தந்தது என்று எழுதுங்கள்.

இரண்டாவது, அதைச் செயலாக மாற்றுங்கள். 'நேர்மை' என்று மட்டும் எழுதினால் அது வெறும் சொல். 'எனக்கு நட்டம் வந்தாலும் பொய் சொல்லமாட்டேன்' என்பது பணிக்கூற்று.

மூன்றாவது, சோதித்துப் பாருங்கள். பரீட்சையில் தவறினாலும் இந்த வாக்கியம் நிலைக்குமா? இந்த வாரமே இதைச் செய்ய முடியுமா? யாரும் பார்க்காதபோதும் செய்வேனா? 1989இல் வெளிவந்த தமது புகழ்பெற்ற நூலில் ஸ்டீபன் கோவி இன்னொரு பயிற்சியைச் சொல்கிறார். உங்கள் இறுதிச் சடங்கில் மற்றவர்கள் உங்களைப் பற்றி என்ன பேச வேண்டும் என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். ஜனாஸாவை அடிக்கடி நினைவுகூரும் நமக்கு இது கடினமல்ல.

கிழித்த பக்கத்துக்குப் பதிலாக இப்போது என் கொப்பியில் இருப்பது இதுதான்: "எனக்குத் தெரிந்ததைப் பிறருக்குக் கற்றுக்கொடுப்பேன். பயமாக இருந்தாலும் அயலவரைக் கைவிடமாட்டேன்." சனிக்கிழமைகளில் ஆச்சியின் பேரனுக்கு இரண்டாம் மொழித் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். என் சிங்களப் பிழைகளை அவன் திருத்துகிறான். கலைப் பிரிவில் படிப்பதற்காக இந்த வாக்கியத்தில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பெற்றோரே, "என்னவாகப் போகிறாய்?" என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அதோடு "எப்படிப்பட்டவளாக இருக்கப் போகிறாய்?" என்றும் கேளுங்கள். சகோதரிகளே, இன்றிரவே ஒரு வரி எழுதுங்கள். நம் நிய்யத்துகளை வல்ல அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக!