நசுங்கி இறந்த குட்டி

பன்றிப் பண்ணைகளின் பதிவேடுகளில், பிறந்து மூன்று நாட்களுக்குள் இறந்த குட்டிகளுக்கு நேரே பெரும்பாலும் காணப்படும் சொல் ‘நசுங்கல்’ என்பதாகும். லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் இனத்துத் தாய் 200 கிலோவுக்கும் மேற்பட்ட எடையுடையது. அதன் குட்டியோ ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ. இவ்விரு எடைகளையும் அறிந்தவர் வேறு காரணம் தேட முற்படுவதில்லை. ஆயினும் பிணப் பரிசோதனை செய்யும் மாணவர் இரைப்பையைத் திறந்து நோக்குவாராயின், இத்தகைய குட்டிகள் பலவற்றில் அது வெறுமையாயிருப்பதைக் காண்பார். பால் அருந்தாத அக்குட்டி, தாயின் உடல் தன்மேல் விழுவதற்கு முன்பே பாதி இறந்துவிட்டது எனலாம்.

காரணம் குளிர். கருவில் சுமார் 39 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் 114 நாட்கள் வளர்ந்த குட்டி, ஈரம் காயாத உடலுடன் திடீரென வெளிக்காற்றில் விழுகின்றது. பசு கன்றை நக்குவதுபோல் பன்றி தன் குட்டியை நக்கி உலர்த்துவதில்லை. குட்டியின் உடலில் ரோமம் அடர்த்தியாக இல்லை. கொழுப்பு எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேலில்லை. பல விலங்குகளின் குட்டிகளுக்கு வெப்பம் அளிக்கும் பழுப்புக் கொழுப்பு இதற்கு அநேகமாக இல்லவே இல்லை. ஆகவே சுற்றுப்புறம் சுமார் 34 டிகிரியில் இருந்தால்தான் அது சுகமாக இருக்கும். தாய்க்கு உகந்ததோ 20 டிகிரிக்கு உட்பட்ட நிலை. ஒரே கொட்டிலில் இரண்டு சீதோஷ்ணங்களை அமைப்பதே பண்ணையாளரின் முதற்பணி.

குளிர்ந்த குட்டி சோர்வடைகின்றது. சோர்ந்தது காம்பை எட்டுவதில்லை. முன்வரிசைக் காம்புகளை வலியவை பற்றிக்கொள்கின்றன; எளியது ஒதுக்கப்படுகின்றது. பன்றியின் நஞ்சுக்கொடி வழியாக நோயெதிர்ப்புப் பொருள்கள் கருவுக்குச் செல்வதில்லையாதலால், முதல் நாளில் கிடைக்கும் சீம்பாலே அவற்றுக்கு ஒரே வழி. ஒரு நாள், அதிகமாயின் ஒன்றரை நாள் கழிந்தபின் குடற்சுவர் அவற்றை ஏற்பதில்லை. குட்டிக்கு 200 கிராமுக்குக் குறையாத சீம்பால் வேண்டும். அது கிடைக்காத குட்டி, வெப்பத்தையும் பாலையும் நாடித் தாயின் விலாவை ஒட்டியே படுத்துவிடுகின்றது. தாய் எழுந்து மீண்டும் படுக்கும்போது விலகி ஓட அதற்கு வலுவில்லை. பதிவேட்டில் ‘நசுங்கல்’ என எழுதப்படுகின்றது.

2019 ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 90 லட்சம் பன்றிகள் இருந்தன. மிகுதியானவை அஸ்ஸாமில், ஏறக்குறைய 21 லட்சம். வடகிழக்கு மாநிலங்களில் வீட்டுப் புறக்கடையில் இரண்டொரு பன்றி வளர்ப்பதே பெருவழக்கு. தரையிலிருந்து உயர்த்திய மூங்கில் தளக் கொட்டில் அங்கு சாதாரணம். அது மழைக்காலத்தில் மிக நல்லது. சாணமும் நீரும் கீழே விழுந்துவிடும். ஆனால் ஷில்லாங் போன்ற மலையூர்களில் ஜனவரி இரவில் உஷ்ணநிலை 5 டிகிரியை ஒட்டி இறங்கும்போது, மூங்கில் இடுக்குகளின் வழியே ஏறும் காற்று குட்டிகளைக் கொல்லக்கூடும். மின்விளக்கு இல்லாத இடத்தில், ஒரு மூலையில் பலகை பரப்பி, சாக்கு விரித்து, அதன்மேல் வைக்கோலைக் கனமாக இட்டு, தாய் நுழையாதபடி மூங்கில் தடுப்பு வைத்தால் போதுமானது. பிறந்தவுடன் பழந்துணியால் துடைத்துக் காம்பில் சேர்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை. ஓர் இரவு விழித்திருக்க வேண்டும், அவ்வளவே.

பெரும் பண்ணைகள் வேறு வழியைக் கைக்கொண்டன. தாயைத் திரும்ப முடியாத குறுகிய கம்பிக் கூண்டில் நிறுத்தினால் அது மெதுவாகவே படுக்க முடியும். நசுங்கல் குறைவது உண்மை. ஆயினும் ஈனுவதற்கு முந்திய நாளில் தரையைக் கிளறி, வைக்கோலைக் கவ்விவந்து படுக்கை அமைப்பது பன்றியின் இயல்பு. பல தலைமுறைகள் பண்ணையில் வளர்ந்தும் அது மறையவில்லை. கூண்டில் அதற்கு வழியின்மையால் தாய் கம்பியைக் கடித்து அலைக்கழிகின்றது. சுவிட்சர்லாந்தில் இக்கூண்டுகள் 2007 முதல் விலக்கப்பட்டன. அங்கு பல நூறு பண்ணைகளின் பதிவேடுகளை ஒப்பிட்டதில், திறந்த கொட்டில்களில் நசுங்கி இறந்தவை அதிகமாகவும், பிற காரணங்களால் இறந்தவை குறைவாகவும், மொத்த இழப்பு ஏறத்தாழச் சமமாகவும் காணப்பட்டன. கூண்டு பல இடங்களில் மரணத்தின் பெயரை மாற்றியதேயன்றி மரணத்தைத் தடுக்கவில்லை என்றே இதற்குப் பொருள் கொள்ள வேண்டும். இந்தியாவிலும், பிராணி நியாயமான அளவு அசைய இடமளிக்காத கூண்டில் அதை அடைத்துவைப்பது 1960 ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 11 ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

கூண்டுக்கு மாற்று எளியது. 7 முதல் 9 சதுர மீட்டர் பரப்புள்ள கொட்டிலில், சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிக் காப்புக் கம்பி பொருத்தினால், தாய் சுவரோரம் சாயும்போது குட்டி ஒதுங்க இடம் கிடைக்கும். கம்பிக்குப் பதில் தடித்த மூங்கிலும் பயன்படும்.

சிமெண்டுத் தளத்தில் வளரும் குட்டிகளுக்கு மூன்றாம் நாளுக்குள் 200 மில்லிகிராம் இரும்புச்சத்து ஊசி அவசியம்; மண்ணைக் கிளறும் கிராமத்துக் குட்டி அதன் தேவையில் ஒரு பகுதியை மண்ணிலிருந்தே பெறுகின்றது.

பிணப் பரிசோதனையில் மாணவர் மூன்றைத் தவறாது குறிக்க வேண்டும். நுரையீரல் துண்டு நீரில் மிதந்தால் குட்டி மூச்சுவிட்டிருக்கிறது. அமிழ்ந்தால் பெரும்பாலும் இறந்தே பிறந்தது. குளம்பின் நுனியிலுள்ள மென்மையான உறை தேயாதிருந்தால் அது நடக்கவில்லை. இரைப்பையில் பால் உண்டா, இல்லையா என்பது மூன்றாவது. இவற்றோடு, முந்திய இரவு குட்டிகள் படுத்த இடத்தின் உஷ்ணநிலையையும் அதே வரியில் எழுதுதல் வேண்டும்.