பெரியவர்க்கும் வேண்டும் தடுப்பூசி: பயணம் செல்வோர் அறிய வேண்டுவன

மனிதன் ஊர்விட்டு ஊர் செல்லும்போது நோயும் அவனுடன் வழிநடக்கும் என்பது வரலாறு கற்பிக்கும் பாடம். 1865ஆம் ஆண்டு ஹஜ்ஜுக் காலத்தில் மக்காவில் தோன்றிய காலரா, நாடு திரும்பிய பயணிகள் வழியாக எகிப்துக்கும், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் பரவியது. அதன் விளைவாக அடுத்த ஆண்டே கான்ஸ்டான்டிநோபிள் நகரில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடிற்று. 1882 முதல் செங்கடலின் கமரான் தீவில், இந்தியாவிலிருந்து கப்பலேறிச் சென்ற ஹாஜிகள் நாள்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டனர். நோயில்லை எனத் தெளிந்த பின்னரே ஜித்தா துறைக்குச் செல்ல விடப்பட்டனர்.

கப்பல் பயணத்தில் நோய் வழியிலேயே வெளிப்பட்டுவிடும். இன்றோ விமானம் சில மணி நேரத்தில் ஜித்தாவில் இறக்கிவிடுகிறது. உடலில் புகுந்த கிருமி நோயாக வெளிப்படுவதற்கு முன்னரே பயணி பல நாடுகளைக் கடந்துவிடலாம். கமரான் தீவின் பணியை இன்று செய்ய வேண்டியது தடுப்பூசியே.

நமது வேங்கிக்கால் பயணத்தோடு தொடர்புடைய ஊர். மாவட்ட ஆட்சியரகம் இங்கேயே அமைந்துள்ளது. அருகிலுள்ள திருவண்ணாமலைக்குப் பௌர்ணமிதோறும், கார்த்திகைத் தீபத்தன்றும் இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். அவர்களுள் பலர் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு சுற்றி வருகின்றனர். இவ்வட்டாரத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பொருள்தேடிச் செல்வோரும், ஹஜ், உம்ரா செல்லும் பெரியோரும் உளர். இவர்கள் அனைவரும் கருத வேண்டிய மூன்று நோய்களைப் பற்றியதே இக்கட்டுரை.

பெயர்கள் உணர்த்துவனவும் மறைப்பனவும்

முதலாவது தொண்டை அடைப்பான். தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து மூச்சுக் குழலை அடைப்பதால் இப்பெயர் பெற்றது. ஆயினும் இந்நோயின் கிருமி கக்கும் நஞ்சு இதயத்தையும் நரம்பையும் தாக்கும் என்பதை இப்பெயர் உணர்த்துவதில்லை. இருமல், தும்மல் வழியே இது பரவும்.

இரண்டாவது இரணசன்னி. உடலை வில்போல் வளைத்துவிடுவதால் தனுர்வாதம் என்றும் பெயருண்டு. இதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் உறக்க நிலையில் ஆண்டுக்கணக்கில் வாழும். முள் குத்திய சிறு புண்ணும் அதற்கு வாயிலாகும். இது ஒருவரிடமிருந்து மற்றவர்க்குத் தொற்றுவதில்லை. எனவே ஊரார் அனைவரும் ஊசி போட்டுக்கொண்டாலும், போடாத ஒருவர்க்கு அதனால் பாதுகாப்புக் கிட்டாது. நோயுற்றுப் பிழைத்தவர்க்கும் எதிர்ப்பாற்றல் உண்டாவதில்லை. அவரும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோ. இப்பெயரே பெரியவர்களை ஏமாற்றிவிட்டது. குழந்தைகளையே இது மிகுதியாகத் தாக்கும் என்பது உண்மை. ஆனால் எதிர்ப்பாற்றல் இல்லாத எவ்வயதினரையும் இக்கிருமி பற்றும். தொற்றியவர்களுள் ஏறத்தாழ இருநூறில் ஒருவர்க்கே வாதம் வரும். மற்றவர்கள் பெரும்பாலும் நோயறிகுறி ஏதுமின்றியே கிருமியைச் சுமந்து சென்று பரப்புவர். நலமாகத் திரும்பிய பயணியும் நோயைக் கொணர்ந்திருக்கக் கூடும் என்பது இதனால் விளங்கும்.

ஊக்கத் தவணை ஏன்?

தடுப்பூசி உடலுக்குப் பகையை அடையாளம் காட்டுகிறது. உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்வதோடு, பகையின் உருவை நினைவிலும் வைத்துக்கொள்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல எதிர்ப்பொருளின் அளவு குறைகிறது. மீண்டும் ஒரு தவணை கொடுத்தால் நினைவு விழித்தெழுந்து, சில நாள்களிலேயே எதிர்ப்பொருள் பெருகுகிறது. இதுவே ஊக்கத் தவணை. தொண்டை அடைப்பானுக்கும் இரணசன்னிக்கும் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை இது வேண்டும் என்பர்.

இது வெறுங்கோட்பாடு அன்று. சோவியத் ஒன்றியம் சிதைந்த காலத்தில், 1990க்குப் பின் அந்நாடுகளில் தொண்டை அடைப்பான் மீண்டும் தலைதூக்கியது. ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஏறத்தாழ 5,000 பேர் மாண்டனர். அவர்களுள் பெரியவர்கள் மிகுதியாக இருந்தமை மருத்துவ உலகையே திடுக்கிடச் செய்தது. இளமையில் பெற்ற காப்பு தேய்ந்து போயிருந்ததே முதன்மையான காரணம். 2017இல் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் அகதி முகாம்களில் ரோஹிங்கியா மக்களிடையேயும் இதே நோய் பரவியது.

நம் பெரியோரின் நிலை

இந்தியாவில் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் 1978இல்தான் தொடங்கிற்று. அனைவருக்குமான திட்டமாக 1985இல் விரிந்தது. எனவே அதற்கு முன் பிறந்தவர்களுள் பலர் குழந்தைப் பருவத்தில் முத்தடுப்பு ஊசி பெற்றிருக்க வாய்ப்பில்லை. இன்று ஹஜ்ஜுக்குச் செல்லும் முதியோர் பெரும்பாலும் இத்தலைமுறையினரே என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

"எனக்கு அடிபட்டபோது டி.டி. ஊசி போட்டார்களே" என்பார் சிலர். அந்த டி.டி. இரணசன்னி ஒன்றை மட்டுமே தடுப்பது; தொண்டை அடைப்பானுக்கு அதில் இடமில்லை. இக்குறையை நீக்கவே 2019இல் நம் நாட்டுத் திட்டத்தில் டி.டி.க்கு மாற்றாக இரு நோய்களையும் தடுக்கும் டி.டி. இணை ஊசி புகுத்தப்பட்டது. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் மாணவர்க்கும், கருவுற்ற தாய்மார்க்கும் இது வழங்கப்படுகிறது.

முன்பு ஒரு தவணையும் பெறாதவர்க்கு ஒரே ஓர் ஊக்கத் தவணை போதாது. இல்லாத நினைவை எழுப்ப இயலாது. அவர்க்கு மூன்று தவணைகள் வேண்டும்: முதல் தவணைக்கு நான்கு வாரம் கழித்து இரண்டாவது, அதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மூன்றாவது. விமானச் சீட்டு கிடைத்தபின் தொடங்கினால் காலம் போதாது. பயணத்திற்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே முதல் தவணையைப் போட்டுக்கொள்வதே அறிவுடைமை.

போலியோவைப் பொறுத்தவரை நம் நாடு பெருமைப்படலாம். நமது பழைய மாவட்டத் தலைநகரான வேலூரில், கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான், ஒரே காலத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் சொட்டு மருந்து கொடுக்கும் முறையை முன்னோடியாக நடத்திக் காட்டினார். 1995இல் நாடு தழுவிய முகாம்கள் தொடங்கின. 2011 சனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்ட நோயாளியே இறுதியானவர். 2014 மார்ச்சு 27 அன்று உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது. ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இக்கிருமி வேரறுக்கப்படவில்லை. 2024இல், கால் நூற்றாண்டுக்குப் பின், போர்ச்சூழலில் சிக்கிய காஸாவில் ஒரு பச்சிளம் குழந்தையை இந்நோய் முடக்கியது. உலகின் எல்லா நாட்டினரும் கூடும் அரஃபாத் பெருவெளியில் நோயின் எல்லைக்கோடுகள் இல்லை. இந்திய ஹாஜிகளுக்கான முகாம்களில் மூளைக்காய்ச்சல் ஊசியோடு போலியோ சொட்டு மருந்தும் வழங்கப்பட்டு வந்ததன் காரணம் இதுவே.

ஐயமும் தெளிவும்

தடுப்பூசி மலட்டுத்தன்மை தரும், அது அந்நியர் சூழ்ச்சி என்னும் வதந்திகள் நம் சமுதாயத்தில் சிலரை மயக்கியதுண்டு. 2015, 2016 ஆண்டுகளில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் பரவி இளம் உயிர்களைப் பறித்தது. தடுப்பூசியைத் தவிர்த்தமைக்குக் கொடுத்த விலை அது. உத்தரப் பிரதேசத்தில் இத்தகைய ஐயங்களைப் போக்க, மார்க்க அறிஞர்களும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா ஆகியனவும் துணைநின்றமை போற்றத்தக்கது.

பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி நூல் எழுதியவர் அர்ராஸி. அம்மை குத்தும் பழக்கத்தை இஸ்தான்புல்லில் கண்டு, தம் மகனுக்கு 1718இல் அங்கேயே செய்வித்து, பின்னர் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றவர் மேரி மாண்டேகு சீமாட்டி. எனவே இத்துறை நமக்கு அந்நியமானதன்று. கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் செல்வதையும், அங்கிருந்து வெளியேறுவதையும் தடுத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டுதல், தன்னைக் காப்பதோடு பிறரைக் காப்பதும் கடமை என்பதையே உணர்த்துகிறது.

செய்ய வேண்டுவன

பயணம் உறுதியானதும் மருத்துவரிடம் பழைய தடுப்பூசி அட்டையைக் காட்டுக. அட்டை இல்லையேல் தவணை பெறாதவராகவே கருதித் தொடங்குவதில் தவறில்லை. மூளைக்காய்ச்சல் ஊசியைச் சவூதி மண்ணை மிதிப்பதற்குப் பத்து நாள் முன்னராவது போட்டுச் சான்று பெறுக. போலியோ தவணை வேண்டுமாயின் நான்கு வாரம் முன்னரே பெறுதல் நன்று. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர் சொட்டு மருந்துக்கு முன் மருத்துவரைக் கலந்துகொள்க. விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடுமாதலால் அவ்வாண்டு அறிவிப்பையே பின்பற்றுக.

மாணவ மணிகளே! உங்கள் பாட்டனாரும் பாட்டியாரும் உங்கள் கையைப் பிடித்துச் சொட்டு மருந்து முகாமுக்கு அழைத்துச் சென்றவர்கள். இன்று அவர்கள் புனிதப் பயணத்திற்கு ஆயத்தமாகும்போது, அவர்கள் கையைப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு உங்களுடையது. கற்ற கல்வி வீட்டு முற்றத்தில் முதலில் பயன்படட்டும். சென்றவர் நலமே திரும்புக. திரும்பியவரால் ஊரும் நலமுறுக!