பிளேடு மாற்றும் சவரக்கத்தி: கடற்கரைக்காரர் எதை வாங்கலாம்?

பிளேடு மாற்றிப் போடும் சவரக்கத்தி வாங்க நினைக்கிறவர், கத்தியைத் தேடும் முன் உள்ளூர்ப் பெட்டிக்கடைக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம். தூத்துக்குடிக் கடலோரத்துத் தருவைகுளமானாலும் வேப்பலோடையானாலும் அங்கே கிடைப்பது இருபுறமும் கூருள்ள சாதா பிளேடுதான். டோபாஸ், செவன் ஓ கிளாக், சூப்பர்மேக்ஸ் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அந்த பிளேடைப் பாதியாக ஒடித்துப் போடுகிற கத்தியா, தனக்கென்று வேறு பிளேடு கேட்கிற கத்தியா என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். கத்திக்கு ஒருமுறைதான் செலவு. பிளேடுக்கு மாதாமாதம் செலவு. கையில் அழகான கத்தி இருந்து, அதற்குப் பொருந்தும் பிளேடுக்குத் தபாலை எதிர்பார்த்துக் காத்திருப்பது வீண் தொல்லை.

இந்தக் கரையில் சவரக்கத்திக்கு நியாயமான தேவை இருக்கிறது. தருவைகுளத்துப் படகுகள் ஆழ்கடலில் நாள்கணக்காகத் தங்கி வலை விட்டுத் திரும்புபவை. ஒரு வாரம் பத்து நாள் வளர்ந்த தாடியோடு கரையேறுகிறவர் மூன்று பிளேடு, ஐந்து பிளேடு வைத்த ரேசரை எடுத்தால் இரண்டு இழுப்பிலேயே அடைத்துக்கொள்ளும். பிறகு தட்டுவதும் கழுவுவதுமாகவே நேரம் போகும். ஒற்றைக் கூருள்ள திறந்த கத்தியில் அடைப்பு என்ற பேச்சே இல்லை. முடி சுருண்டு தோலுக்குள்ளேயே வளர்ந்து கட்டி கட்டுகிறவர்களுக்கும் ஒற்றை பிளேடுதான் நல்லது. பல பிளேடு ரேசர் முடியைத் தோலுக்குக் கீழே வெட்டிவிடுவதால் அவர்களுக்கு அந்தத் தொந்தரவு கூடுகிறது.

பழைய காலத்துச் சவரக்கத்தியை, சாணை பிடித்து, தோல்வாரில் தீட்டித் தீட்டி வைத்துக்கொள்ளும் முழுக்கத்தியை, சிலர் இன்னும் ஆசையோடு தேடுகிறார்கள். ஜெர்மனியின் சோலிங்கன் கத்தி ஒன்று நல்ல கையில் இருந்தால் தலைமுறைகள் தாண்டும் என்பது உண்மைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கார்பன் எஃகு. ஊரைச் சுற்றி உப்பளம், எதிரே கடல், காற்றிலும் உப்பு என்று இருக்கிற இடத்தில் ஒருநாள் துடைக்க மறந்தாலே கூரில் பழுப்புப் புள்ளி விழுந்துவிடும். தினமும் பேணும் பொறுமை உள்ளவருக்கு மட்டும் அது சரிவரும்.

சலூன்களில் அந்தக் கத்தி மறைந்ததற்குக் காரணம் துரு மட்டும் இல்லை. 1986-ல் இந்தியாவில் முதன்முதலாகச் சென்னையில் எச்.ஐ.வி. கிருமி கண்டறியப்பட்ட பின், ஆளுக்கொரு புது பிளேடு என்பது சலூனில் வாடிக்கையாளர் வாய்விட்டுக் கேட்கும் விஷயமானது. சவரக்கத்தி விஷயத்தில் அதைவிடவும் பயப்பட வேண்டியது மஞ்சள்காமாலை தரும் ஹெபடைடிஸ் பி கிருமிக்குத்தான். காய்ந்த ரத்தத்தில் அது குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். பிளேடை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. பிளேடு உட்காரும் பள்ளத்துக்குள் கசிந்த ரத்தம் அப்படியே தங்கிவிடுகிறது. ஆகவே முழுதாகத் திறந்து, உள்ளே பிரஷ் விட்டுக் கழுவ முடியாத கத்தியை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். சலூன் வைத்திருப்பவர் என்றால் அந்தக் கத்தி கடைக்குள்ளேயே வரக்கூடாது.

சாதா பிளேடு போடும் கத்திகளில் மூன்று விதம் உண்டு. ஒன்றில் பிளேடைப் பக்கவாட்டிலிருந்து ஒரு பிளவுக்குள் செருக வேண்டும், தகட்டின் இறுக்கமே அதைப் பிடித்து நிற்கும். மிக மலிவானது இதுதான். சில மாதத்தில் பிளவு தளர்ந்து பிளேடு ஆடும். உள்ளே கழுவவும் வழியில்லை. இரண்டாவதில் உள்ளிருக்கும் சிறு தட்டை வெளியே இழுத்து, பிளேடை வைத்து, திரும்ப உள்ளே தள்ள வேண்டும். கழுவ வசதிதான். ஆனால் தள்ளும்போது கூர் எங்கேயும் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது கீல் வைத்த வகை. தலைப்பகுதி வாய் போலத் திறக்கும். உள்ளே சிறு குமிழ்கள் பிளேடின் துளையைப் பிடித்துக்கொள்ள, மூடிப் பூட்டிவிடலாம். பிளேடு அசையாது, அழுக்கும் கண்ணுக்குத் தெரியும். என் ஓட்டு இதற்குத்தான்.

பிளேடை ஒடிக்க உறைக் காகிதத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. காகிதத்தோடு நீளவாக்கில் இரு விரலுக்கிடையே மடக்கினால் ‘டிக்’கென்று இரண்டாகும். சாதா பிளேடின் அகலம் 22 மி.மீ., கனம் 0.1 மி.மீ. மட்டுமே. பாதியாக்கினால் 11 மி.மீ. அகலத்தில் ஒரு மெல்லிய நாக்குதான் மிஞ்சுகிறது, அது வளையும். அதனால் கத்தியின் தலை பிளேடைக் கூருக்கு அருகிலேயே கவ்விப் பிடிக்கிறதா என்று கடையில் வைத்தே பாருங்கள். பிளேடைப் போட்டு வெளிச்சத்தில் பிடித்தால், வெளியே நீட்டியிருக்கும் கூர் இரு முனையிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அதன் இரு மூலைகளும் தலைக்குள் மறைந்திருந்தால் இன்னும் நல்லது. புதிதாகப் பழகுகிறவர் காதோரம் கிருதாவை நேராக்கும்போதும் மூக்கடியில் மீசை ஒதுக்கும்போதும் படுகிற கீறல் பெரும்பாலும் அந்த மூலைகளால்தான்.

ஜப்பானிய ஃபெதர் நிறுவனத்தின் ‘ஆர்டிஸ்ட் கிளப்’ கத்திகள் வேறு ஜாதி. அவற்றின் பிளேடு இரு மடங்குக்கு மேல் கனம். வளையாது, தோலில் வழுக்கிக்கொண்டு போகும். கூருக்குக் குறுக்கே மெல்லிய கம்பி சுற்றிய ‘புரோகார்ட்’ பிளேடும் அதற்கு உண்டு. கை நடுங்காமல் பழக அதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியாது. கொதிநீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் அளவுக்கு வெப்பம் தாங்கும் கைப்பிடியோடும் அந்தக் கத்தி வருகிறது. தூத்துக்குடியில் நாலு நாற்காலி போட்டு சலூன் நடத்துபவருக்கு அந்த முதலீடு தகும். வீட்டுக்கு ஒருவர் வாங்குவதென்றால் நான் யோசிப்பேன். கத்தியும் விலை, பிளேடும் விலை, பெட்டிக்கடையில் கிடைக்கவும் கிடைக்காது.

இனி உலோகம். ‘ஸ்டெயின்லெஸ்’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். மலிவான கத்திகளில் பல, சாதா உலோகத்தின் மேல் குரோமியம் பூசியவை. கீலில் இருக்கும் ஆணியைச் சுற்றித்தான் பூச்சு முதலில் உரியும், உப்புக்காற்று அங்கேதான் முதலில் நுழையும். காந்தம் வைத்துப் பார்ப்பதாலும் தீர்ப்புக் கிடைக்காது. நல்ல கத்தி எஃகிலும் காந்தம் ஒட்டும். கீலும் ஆணியும் தலையும் ஒரே நிறத்தில், ஒரே பளபளப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எடையையும் கையில் வைத்துப் பாருங்கள். மிக லேசான பிளாஸ்டிக் கத்தி கையில் தங்காது, அதனாலேயே அழுத்தத் தோன்றும். அழுத்தினால் வெட்டும். ஓரளவு கனமான கத்தி தன் எடையிலேயே வேலை செய்யும்.

படகுக்கு மட்டும் இதை எடுத்துப் போகாதீர்கள். அலையில் ஆடுகிற தளத்தில் தொண்டைக்குப் பக்கத்தில் திறந்த கூரைப் பிடிப்பது தேவையில்லாத துணிச்சல். கடலில் சவரம் செய்தே ஆகவேண்டும் என்றால் சாதாரண சேஃப்டி ரேசர் போதும். அதே பெட்டிக்கடை பிளேடு அதில் முழுசாகவும், வீட்டுக் கத்தியில் பாதியாகவும் பயன்படும். ஒடித்துப் போடும் கத்தியை நான் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பழகுவதற்கு நல்ல காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம். முதலில் கன்னத்தை மட்டும் கத்தியில் செய்து, மற்றதைப் பழைய ரேசரில் முடியுங்கள். மோவாயையும் தொண்டையையும் கடைசியில் பழகினால் போதும். கத்தியைத் தோலிலிருந்து ஏறக்குறைய 30 பாகை சாய்த்து, இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, முடி வளர்ந்த போக்கிலேயே சிறு சிறு இழுப்பாக இழுக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சேஃப்டி ரேசரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உவர்நீரில் சோப்பு நுரைக்காது. நுரை இல்லாத தோலில் எந்தக் கத்தியும் எரிக்கும். குடிக்க வாங்கிவைத்த நல்ல தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துச் சூடாக்கி, தாடியை ஊறவைத்து, அதிலேயே நுரை கலக்குங்கள். கடலிலிருந்து வந்தவுடன் உப்பு காய்ந்த முகத்தில் கத்தி வைக்காமல், குளித்துவிட்டு ஆரம்பியுங்கள். சவரம் முடிந்ததும் படிகாரம் தடவலாம், ஆனால் சலூனில் ஒரே கட்டியை எல்லார் முகத்திலும் தேய்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கத்தியை மடித்து வைக்கும் முன் பிளேடைக் கழற்றி, தலையை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, கீலில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள். தேய்ந்த பிளேடைக் குப்பையில் எறிந்தால் துப்புரவுப் பணியாளரின் கையைக் கிழிக்கும், படகில் விட்டால் வெறுங்காலோடு வலை இழுக்கிறவரின் பாதத்தைக் கிழிக்கும். பழைய பவுடர் டப்பா மூடியில் ஒரு கீறல் போட்டு அதற்குள் போட்டு வாருங்கள். நிறைந்ததும் கீறலை டேப் ஒட்டி அடைத்து, உள்ளே பிளேடு என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.