டைல்ஸுக்கு அடியில் போன மூடி

தாம்பரத்துக்கு அப்பால், பாதாளச் சாக்கடை இன்னும் எட்டாத ஒரு தெரு. அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டுக் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினால் உடனே இறங்கவில்லை. கோப்பையில் தேங்கி, களக் களக்கென்று குமிழ்விட்டு, மெல்ல வடிந்தது. வந்த பிளம்பர் கம்பி விட்டுப் பார்த்தார். பிறகு ஆசிட் வாங்கி வரச் சொன்னார்.

ஆசிரியை மறுத்துவிட்டார், அதில் அவருக்கு இன்றைக்கும் பெருமை. ஆசிட் கரைப்பது போர் தண்ணீர் விட்டுப்போன உப்புக் கறையைத்தான், கசடை அல்ல. அளவு மீறி ஊற்றினால் செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாக்களையும் கொன்றுவிடும். கூடவே பிளீச்சிங் பவுடர் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து.

“ஒரு கழிப்பறை மட்டும் அடைத்தால் கோளாறு உள்ளே. எல்லாமே மந்தமானால் வெளியே போய்ப் பாருங்கள்” என்கிறார் அவர். அவர் வீட்டில் மாடிக் கழிப்பறையும் குமிழ்விட்டது. ஆனால் வெளியே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை! முந்தைய ஆண்டு அவர் ஊரில் இல்லாத வாரத்தில், போர்டிகோவுக்கு டைல்ஸ் போட்ட கொத்தனார் டேங்கின் இரண்டு மூடிகளையும் தரைக்கு அடியில் புதைத்துவிட்டிருந்தார். காற்றுக் குழாயையும் தரைமட்டத்தில் வெட்டி அடைத்திருந்தார்.

“அழகா இருக்கட்டும்னுதாம்மா” என்றாராம் கேட்டபோது. இதைச் சொல்லும்போது ஆசிரியையின் குரல் உயர்கிறது. உயர வேண்டியதுதான்.

டேங்குக்குள் மேலே ஏடு, நடுவே நீர், அடியில் கசடு என்று மூன்று அடுக்காக நிற்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுக்காவிட்டால் அது ஏறி, குழாய் வாயையே மறிக்கும். உள்ளே உண்டாகும் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வெளியேறத்தான் காற்றுக் குழாய். அது இல்லாவிட்டால் வாயு வீட்டுப் பக்கம் திரும்பும். அதைத் தடுப்பது கோப்பைக்கு அடியிலுள்ள வளைகுழாயில் நிற்கும் கொஞ்சம் தண்ணீர் மட்டுமே. 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை பெற்ற கழிப்பறையில் இருந்த அதே வளைவுதான்.

டைல்ஸை உடைத்து மூடியைத் திறந்ததும் உறவினர் ஒருவர், “ஆளை இறக்கினா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்” என்றார். ஆசிரியை அவரோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. இப்படி இறங்கி இறப்பவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர 2014இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. அப்படியும் சாவுகள் நிற்கவில்லை. கசடு உறிஞ்சும் உரிமம் பெற்ற லாரி வரும்வரை ஆசிரியை காத்திருந்தார்; வீடு முழுக்க நாறியபோதும் மனம் மாறவில்லை. உதவிக்கு 14420 என்ற எண் இருக்கிறது.

மற்றதெல்லாம் அவருக்குச் சில்லறை விஷயம். வாரம் இருமுறை பிரஷ் போடுவது, நாப்கினைக் கோப்பையில் போடாதது, ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் சாயம் கலந்து கோப்பையில் நிறம் இறங்கினால் வாஷர் மாற்றுவது.

இப்போது இரண்டு மூடிகளும் கைப்பிடியோடு தரைக்கு மேல் தெரிகின்றன. காற்றுக் குழாய் மொட்டைமாடியைத் தாண்டி நிற்கிறது, வாயில் கொசுவலையோடு. டேங்கின் அளவும் கசடு எடுத்த தேதியும் மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் எழுதப்பட்டிருக்கின்றன. டைல்ஸுக்குக் கூலி பேசும்போதே மூடிகளைச் சாக்பீஸால் வட்டமிட்டுக் காட்டிவிடுங்கள், வேலை முடிகிறவரை வெளியூர் போகாதீர்கள் என்று தெருவில் வீடு கட்டும் எல்லோரிடமும் சொல்லி வருகிறார்.